திறந்து பார்ப்பதற்கென்றே செய்யப்பட்ட பொறி

தூண்டிற்கோலின் மேற்புறத்தில் குறுக்காக அமர்ந்து, தன் அச்சில் உருளை முழுவதுமாகச் சுழன்று கயிற்றை விடவும் சுற்றவும் செய்கின்ற கடல் ரீலை அமெரிக்கத் தூண்டிற்காரர்கள் ‘கன்வென்ஷனல் ரீல்’ என்று வழங்குவர். உருளை நிலையாக நிற்க, கம்பி வளையமொன்று அதைச் சுற்றிவந்து கயிற்றைச் சுற்றுகின்ற ‘ஸ்பின்னிங் ரீல்’ கைவரப்பெறுவதற்கு எளிதுதான். ஆயினும் அதில் கயிறு உருளையை அடையுமுன் ஒரு செங்கோணத் திருப்பத்தைக் கடக்கவேண்டியிருக்கிறது, பல்சக்கரங்களும் ஒன்றுக்கொன்று குறுக்கான அச்சுகளில் இயங்கவேண்டியிருக்கிறது. குறுக்குருளை ரீலிலோ கயிறு நேராக வந்து நேராகவே சுற்றிக்கொள்கிறது. சக்கரங்கள் இணையான அச்சுகளில் பல்லோடு பல் பொருந்துகின்றன. சூரை, வாள்மீன் போன்ற பெருமீன்களை எதிர்கொள்ள இந்த எளிய அமைப்பு இன்றளவும் நாடப்படுவது இதனால்தான். இதன் அழகை முழுதும் உணர இதைப் பிரித்துப் பார்க்கவேண்டும்: ஒரு திருப்புளியும் ஒரு துணியும் கையிலிருந்தால் பொறுமையுள்ள எவரும் இதன் கடைசி ஸ்பிரிங் வரை கழற்றி, தேய்ந்ததை மாற்றி, கடையில் வாங்கியபோது இருந்ததைவிடச் செம்மையாகத் திரும்பக் கூட்டிவிடலாம்.

இந்தப் பொறியின் உயிர்நிலை ‘டிராக்’ எனப்படும் இழுவைத் தடை. கலிபோர்னியக் கரைக்கு அப்பாலுள்ள சாண்டா கேட்டலினா தீவில், அவலோன் நகரில், 1898இல் டூனா கிளப் தொடங்கப்பட்ட காலத்து ரீல்களில் கைப்பிடி பல்சக்கரத்தோடு நேரடியாகப் பிணைந்திருந்தது. மீன் ஓடத் தொடங்கினால் கைப்பிடி பின்னோக்கிச் சுழன்று விரல் முட்டிகளைப் பதம்பார்த்தது. உருளையின் மீது கட்டைவிரலால் அழுத்தப்படும் தோல் பட்டையே அன்றைய பிரேக். அந்தக் கிளப்பைச் சேர்ந்த வில்லியம் போஷன் சிந்தித்த மாற்றை, புரூக்ளினில் ரீல் செய்துவந்த ஜூலியஸ் வோம் ஹோஃப் 1913ஆம் ஆண்டளவில் பொருளாக்கினார். கைப்பிடியின் அடியில் நட்சத்திர வடிவில் ஒரு திருகு. அதை முறுக்கினால், முதன்மைப் பல்சக்கரத்தின் குழிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட வாஷர்கள் நெருக்கப்படுகின்றன. அடுக்கிலுள்ள உலோக வாஷர்களில் ஒரு பாதி கைப்பிடித் தண்டோடும், மறுபாதி பல்சக்கரத்தோடும் பூட்டப்பட்டிருக்க, இரண்டுக்கும் இடையே உராய்வு வாஷர்கள் அமர்ந்திருக்கும். தண்டின் அடியிலுள்ள பற்களில் சிறு கொக்கி ஒன்று விழுந்து கைப்பிடியைப் பின்சுழலவிடாமல் நிறுத்துகிறது. மீன் இழுக்கும்போது உருளையும் பல்சக்கரமும் வழுக்கிப் பின்னோடும். கைப்பிடி மட்டும் அசையாது நிற்கும். நூறாண்டுகளுக்குப் பின்னரும் இந்த ஏற்பாட்டின் அடிப்படை மாறவில்லை என்பதே இதன் நுட்பத்துக்குச் சான்று.

இவ்வமைப்பைச் சாதாரண மக்களின் கைக்கு எட்டச் செய்தவர், ஜெர்மனியிலிருந்து குடியேறிய ஓட்டோ ஹென்ஸ். அவர் 1932இல் பிலடெல்பியாவில் நிறுவிய பென் நிறுவனம் 1936இல் ‘செனட்டர்’ வரிசையை வெளியிட்டது. பக்கத் தகடுகள் பேக்கலைட். அவற்றை இறுக்கிப் பிடிக்கும் வளையங்களும், இரு பக்கங்களையும் இணைக்கும் தூண்களும் குரோமிய முலாம் பூசிய உலோகம். பேக்கலைட்டை உப்பு அரிப்பதில்லை, ஆனால் கீழே விழுந்தால் அது விரிசல் விடும். உலோகத்துக்கு விரிசல் பயமில்லை, ஆனால் உப்பு அதை அரிக்கும். இவ்விரண்டின் குறைகளையும் ஒன்றையொன்று ஈடுசெய்யுமாறு கோத்த அந்தச் சிக்கனமான வடிவமைப்பு பாராட்டத்தக்கது. அதைவிடப் பாராட்டத்தக்கது உதிரிப்பாகங்களுக்கு இடப்பட்ட எண்முறை: முன்னெண் பாகத்தின் வகையையும் பின்னெண் ரீலின் மாதிரியையும் காட்டும். 5 என்றால் முதன்மைப் பல்சக்கரம், 13 என்றால் பினியன் எனப்படும் சிறு பல்சக்கரம், 29 என்றால் உருளை. பழுதுபார்க்கப்படும் என்று எதிர்பார்த்தே செய்யப்பட்ட பொருளுக்குத்தான் இத்தகைய எண்முறை தேவைப்படும். பாட்டன் வாங்கிய செனட்டருக்குப் பேரன் பாகம் தேடிப் பொருத்துவது அமெரிக்கக் கடற்கரைகளில் வியப்புக்குரிய செய்தியன்று.

பராமரிப்பின் தேவை உப்பிலிருந்து பிறக்கிறது. உப்புநீர் வெறும் ஈரமன்று. மின்சாரத்தைக் கடத்தும் நீர்மம். பித்தளை, எஃகு, அலுமினியம் என வெவ்வேறு உலோகங்கள் அருகருகே தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புநீர் புகுந்தால், அவற்றுள் மெலிந்த உலோகம் தானாகவே கரையத் தொடங்குகிறது. பித்தளையில் பச்சைக் களிம்பும், அலுமினியத்தில் வெண்பொடியும், முலாம் உப்பிக் கிளம்பிய கொப்புளமும் இதன் அடையாளங்கள். கரை திரும்பியவுடன் ரீலை நீர்க்குழாயின் வேகமான தாரையில் காட்டுவது பலரின் வழக்கம். அது வெளியே படிந்த உப்பை உள்ளே செலுத்தும் வேலையையே செய்கிறது. நட்சத்திரத்தை இறுக்கிவைத்து, நன்னீரை மென்மையாகத் தெளித்து, துடைத்து உலர்த்தி, பின்னர் நட்சத்திரத்தை முற்றிலும் தளர்த்தி வைப்பதே முறை. தளர்த்தாமல் வைத்தால் வாஷர்கள் நெருங்கியபடியே கிடந்து மீள்தன்மையை இழக்கும்.

ஆனால் நல்ல பராமரிப்பு திறந்த பின்னரே தொடங்குகிறது. திருகாணியின் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் அகலமுள்ள திருப்புளி வேண்டும். இறுகிப்போன திருகாணிக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு நாள் காத்திருக்கவேண்டும், வலிந்து திருகினால் தலை சிதையும். கழற்றிய பாகங்களைக் கழற்றிய வரிசையிலேயே துணியில் பரப்புவது நல்லது. கொக்கியின் சிறு ஸ்பிரிங் துள்ளி ஓடும் இயல்புடையதாதலால் அங்கே விரலொன்று காவல் இருக்கவேண்டும். பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவியபின், திருகாணிகளின் மரைக்கும் தகடுகளின் உட்புறத்துக்கும்கூடக் கடற்பயன்பாட்டுக்கான கிரீஸை மெல்லிய படலமாகப் பூசுவர். இயங்கும் பாகத்துக்கு மட்டும் கிரீஸ் போதும் என்பது நன்னீர் ரீலுக்குப் பொருந்தும். கடல் ரீலில் இயங்காத உலோகமே முதலில் அழுகுகிறது. உருளையின் பேரிங்குகளுக்கு மட்டும் விதி வேறு: தூரம் எறிய வேண்டிய ரீலுக்கு ஓரிரு துளி எண்ணெய், படகின் பக்கத்தில் நேர்கீழே இறக்கும் ரீலுக்குக் கிரீஸ்.

ரசிகரின் உள்ளம் அதிகம் தங்குமிடம் இழுவைத் தடையின் அடுக்கே. நின்றிருக்கும் பொருளை நகர்த்தத் தொடங்குவதற்கான விசை, நகர்ந்துகொண்டிருப்பதைத் தொடர்ந்து நகர்த்தும் விசையைவிட மிகுதி. உராய்வின் இந்த இயல்பே தூண்டிற்காரரின் பெரும்பகை. வாஷர் ஒட்டிக்கொண்டிருந்தால், மீன் பாயும் முதற்கணத்தில் தடை சட்டென உயர்ந்து கயிறு அறுந்துவிடும். பழைய ஃபைபர் வாஷர்களை நீக்கிக் கார்பன் இழை வாஷர்களை இடுவது, செலவு குறைந்ததும் பயன் மிக்கதுமான மேம்பாடு. அவை வெப்பத்தைத் தாங்கும், அவற்றில் ஒட்டுதல் மிகக் குறைவு. அவற்றை உலர்வாக இடுவோரும் உண்டு. ஆனால் தடைக்கென்றே செய்யப்பட்ட கிரீஸைப் பூசித் துடைத்து இடுவதே கடலுக்கு ஏற்றது. உச்சத் தடையில் சிறிது குறையலாம், எனினும் நீர் புகாமலும் தொடக்கம் வழுவழுப்பாகவும் இருக்கும். சோதிப்பது எளிது: நட்சத்திரத்தை இலேசாக இறுக்கிக் கயிற்றை மெதுவாக இழுத்தால், கோல்முனை துடிக்காமல் ஒரே வளைவில் நிற்கவேண்டும். உருளையில் கயிறு குறையக் குறையச் சுற்றின் ஆரம் சிறுத்து, நட்சத்திரத்தைத் தொடாமலே தடை ஏறும். ஆரம் பாதியானால் தடை இரட்டிப்பாகும். கயிற்றின் வலிமையில் மூன்றிலொன்று முதல் நான்கிலொன்று வரை மட்டுமே தடையை அமைக்கும் மரபுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மேம்பாட்டின் மீதான ஆர்வத்தைப் பெருக்கியது பின்னல் கயிறு. பாலிஎத்திலீன் இழைகளால் பின்னப்பட்ட அது, அதே பருமனுள்ள நைலான் தங்கூசியைவிடப் பலமடங்கு வலிமையுடையது. எனவே சிறிய ரீலிலும் வலிய கயிற்றை நிறையச் சுற்றி, முன்பு எண்ணிப்பாராத அளவுக்குத் தடையை ஏற்றமுடிந்தது. உடனே மற்ற பலவீனங்கள் வெளிப்பட்டன. தூண்களால் கோத்த சட்டம் சுமையில் முறுகிற்று. மெல்லிய கயிறு உருளைக்கும் வளையத்துக்கும் இடையிலான சந்தில் நுழைந்து சிக்கிற்று. பித்தளைப் பல்சக்கரத்தின் பற்கள் தேய்ந்தன. ஒற்றைக் கொக்கி தனியே சுமை தாங்கித் திணறிற்று. ஒரே அலுமினியக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்த சட்டம், துருவேறா எஃகுச் சக்கரமும் தண்டும், இரட்டைக் கொக்கி, கைக்கு அடங்கும் பெரிய பிடியுடன் நீண்ட கைப்பிடி ஆகியவை இக்குறைகளுக்கு விடையாகத் தனிப்பட்ட பட்டறைகளிலிருந்து வந்தவை.

இங்கேதான் தேர்ச்சி தெரியும். கைப்பிடியை மட்டும் நீட்டினால் கூடிய விசை பழைய பற்களை உடைக்கும். சட்டத்தை மாற்றாமல் தடையை ஏற்றினால் பக்கத் தகடு நெளிந்து சக்கரங்கள் விலகும். ஒரு பாகத்தைத் தொடும்போது அதன் சுமையை ஏற்கும் அடுத்த பாகத்தையும் கணக்கிடுபவரே கைதேர்ந்தவர். வேகம் கூடிய சக்கர விகிதத்துக்காக ஆசைப்படுவதும் பெரும்பாலும் வீண். படகின் அடியில் ஆழத்தில் நின்று கனக்கும் மீனை ஏற்றுவதற்குத் தாழ்ந்த விகிதமே கைகொடுக்கும்.

பழைய செனட்டர் ஒன்று கைக்கு வருமானால் அதன் முலாமைத் தேய்த்துப் பளபளப்பாக்குவதை ஒத்திவைத்து, முதலில் திறந்து கழுவி, கார்பன் வாஷர்களை இட்டு, மரைகளுக்குக் கிரீஸ் பூசி ஒரு பருவம் கடலில் பயன்படுத்துக. எஃகுச் சக்கரமும் அலுமினியச் சட்டமும் தேவைதானா என்பதை அந்தப் பருவத்தின் மீன்களைக் கொண்டு முடிவு செய்யலாம்.