பாலத்தின்மேல் ஒரு வீடு

அதியமான்கோட்டை வழியே பெங்களூர் செல்லும் சாலையில், மூட்டை முடிச்சுகளோடும் பிள்ளைகளோடும் பேருந்துக்குக் காத்து நிற்கும் குடும்பங்களைப் பல்லாண்டுகளாகக் காண்கிறோம். பிழைப்புத் தேடிப் பெயரும் பெரியோரைப் பற்றி இலக்கியம் நிறையவே பேசியுள்ளது. வீடிழந்த பிள்ளையின் உள்ளத்தைத் திறந்து காட்டிய நூல்கள் சிலவே.

மெக்சிகோவிலிருந்து கலிபோர்னியாவுக்குப் பெயர்ந்து கூலிகளிடையே வாழும் சிறுமியைப் பாம் முன்யோஸ் ரயன் 2000இல் 'எஸ்பெரான்சா ரைசிங்' என்னும் சிறுவர் நாவலாக்கினார். நம் மண்ணின் பிள்ளைகளை அவ்வாறு எழுதியவர், சென்னையில் பிறந்து அமெரிக்காவில் வாழும் பத்மா வெங்கட்ராமன். அவருடைய 'தி பிரிட்ஜ் ஹோம்' 2019இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது.

தந்தையின் அடிக்கு அஞ்சிய பதினொரு வயது விஜி, அறிவு வளர்ச்சி குன்றிய அக்காள் ருக்குவுடன் பெருநகருக்கு ஓடுகிறாள். பாழடைந்த பாலமொன்றில் முத்து, அருள் என்னும் சிறுவர்களோடு சேர்ந்து, குப்பை பொறுக்கி வாழ்கிறாள். வறுமையைக் காட்டி அழவைப்பது எளிது. ஆசிரியர் அவ்வழியில் செல்லவில்லை. எதற்கும் உதவாதவள் என்று பிறர் ஒதுக்கிய ருக்குவே மணிமாலை கோத்து வருவாய் தேடித் தருகிறாள்.

நூலின் உயிர்நிலை வேறிடத்தில் உள்ளது. ருக்கு நோயில் வீழ்கிறாள். உதவ ஓர் அம்மையார் இருந்தும், பெரியவர் எவரையும் நம்ப இயலாத விஜி தயங்குகிறாள். ருக்கு இறக்கிறாள். மாண்டுபோன அக்காளை விளித்து விஜி எழுதுவதே இந்நாவல். பழியை அச்சிறுமி தன்மேல் சுமத்திக்கொள்கிறாள். அது அவளுக்குரியதா? ஐயமே அறிவுடைமை என்று அவளுக்குக் கற்பித்தவர்கள் யார்?

பிள்ளைகள் இறைவன் தந்த அமானிதம் என்று மேடைதோறும் சொல்கிறோம். அரபியில் அச்சொல்லும், அச்சமின்மையைக் குறிக்கும் 'அமான்' என்னும் சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. நம்மருகே அச்சமின்றி நிற்க இயலாத பிள்ளையை நாம் காத்தோம் என்பது எங்ஙனம் பொருந்தும்?

குறையும் உண்டு. அடிபட்டும் கணவனை விட்டு நீங்காத தாய் நிழலாகவே நின்றுவிடுகிறாள். அவள் நெஞ்சையும் ஆசிரியர் சற்றே திறந்திருக்கலாம்.

முன்னொரு நாள், கன்னத்தில் தழும்போடு வகுப்புக்கு வந்த சிறுமியைக் காரணம் வினவினோம். "விழுந்துவிட்டேன்" என்றாள். அவ்விடையோடு நாம் அமைந்துவிட்டோம். சில வாரங்களில் அவள் வரவு நின்றது. நூலை மூடியபோது அம்முகமே நம்முன் நின்றது.

பிள்ளைகளுக்கு உரிய நூல்தான். ஆயினும் முதலில் படிக்க வேண்டியவர்கள் பெற்றோரும், நம்மைப் போன்ற ஆசிரியர்களுமே.