தனித்திருந்த நாடும் பூநகரி நெல்லும்

பூநகரியின் மானாவாரி வயல்களில் விளையும் மொட்டைக்கறுப்பன் அரிசியில் புட்டவித்து உண்ட வடபுலத்து மக்கள், கோதுமை மாவை 'அமெரிக்கன் மா' என்று அழைக்கவும் பழகினர். சமையற்கட்டில் புகுந்த இச்சொல்லின் பின்னே ஒரு வல்லரசின் வரலாறு நிற்கிறது. நாமோ அதைப் பாடப்புத்தகத்தில் தேடுகிறோம்.

பாடப்புத்தகம் கூறும் கதை இது: அமெரிக்கா தன்பாட்டில் ஒதுங்கியிருந்தது, 1941 டிசம்பர் 7ஆம் நாள் பேர்ள் துறைமுகத்தில் ஜப்பானியக் குண்டுகள் வீழ்ந்தன, அதன்பின் வேண்டா விருப்பாக உலகப் பொறுப்பைச் சுமந்தது. கதாநாயகனுக்கு இதைவிட வசதியான கதை கிடையாது. துறவறத்திலிருந்து அவனை வலிந்து இழுத்துவந்து அரியணையில் அமர்த்திவிட்டார்களாம்!

இதனை மறுக்கப் பெரிய நூலகம் வேண்டியதில்லை; பூநகரியிலிருந்து கடனீரேரியின் அக்கரையைப் பார்த்தாலே போதும். அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்தது 1816இல். அதிபர் மன்றோ, ஐரோப்பா அமெரிக்கக் கண்டத்தில் தலையிடலாகாது, ஐரோப்பியச் சச்சரவுகளில் தாமும் தலையிடோம் என அறிவித்தது 1823இல். அதே ஆண்டில்தான் வட்டுக்கோட்டை செமினரி நிறுவப்பட்டது. அந்த மிஷனரிமாரை வாஷிங்டனின் ஒற்றர்கள் என எழுதுவது மலிவான விமரிசனம். தமிழில் மருத்துவ நூல்களை ஆக்கித்தந்த டாக்டர் கிறீனுக்கு நாம் கடன்பட்டவர்களே. ஆனால் 'ஒதுங்கியிருந்த' நாட்டின் கரங்கள் எவ்வளவு நீண்டிருந்தன என்பதற்கு அவர்களது வருகையும் சான்றாகும்.

ஒதுங்கல் ஐரோப்பாவின் போர்களிலிருந்து மட்டுமே. 1898இல் ஸ்பெயினை வென்று பிலிப்பைன்ஸையும் புவேர்ட்டோ ரிக்கோவையும் கைக்கொண்ட நாடு அது. 1920இல் செனற் சபை சர்வதேச சங்கத்தில் சேர மறுத்தபோதும் ஹெயிட்டியில் அமெரிக்கப் படை நின்றது. 1934 வரை நின்றது. எனினும் ஒன்றை மறைத்தல் தகாது. முதல் உலகப் போரின் பிணக்குவியலைக் கண்ட சாதாரண அமெரிக்கரின் போர் வெறுப்பில் நேர்மை இருந்தது. 1935 முதல் இயற்றப்பட்ட நடுநிலைச் சட்டங்களின் பின்னே அவ்வெறுப்பும் இருந்தது. அந்த நேர்மையை ஏகாதிபத்தியத்தின் கணக்கில் எழுதுவது நம் தரப்பார் சிலரின் பிழை.

1945இன் பின் இத்திரை தேவைப்படவில்லை. கொரியப் போர்க்காலத்தில் அரிசி விலை ஏறியது. நமது றப்பரின் விலை சரிந்தது. பொதுவுடைமையை வெறுத்த டட்லி சேனநாயக்காவின் அரசே 1952இல் மக்கள் சீனத்துடன் றப்பர்-அரிசி ஒப்பந்தம் செய்ய நேர்ந்தது. ஆண்டொன்றுக்கு 270,000 தொன் அரிசி. ஈடாக 50,000 தொன் றப்பர். சோறு தேடியவனுக்கு வாஷிங்டன் காட்டியது, பொதுவுடைமை நாடுகளுக்குப் போர்முக்கியப் பொருள்களை விற்போருக்கு உதவியை மறுக்கும் 1951ஆம் ஆண்டுச் சட்டத்தை! பின்னர் உதவி வந்தது. கோதுமை மாவும் வந்தது. 1962இல் ஸ்ரீமாவோ அரசு அந்நிய எண்ணெய்க் கம்பனிகளின் உடைமைகளைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு எடுத்தது. 1963 பெப்ரவரியில், ஹிக்கன்லூப்பர் திருத்தத்தின் பெயரால் உதவி நிறுத்தப்பட்டது. அத்திருத்தம் முதன்முதலில் பாய்ந்தது இச்சிறு தீவின்மீதுதான். நட்டஈடு பேசி முடிந்த 1965இல் கை மீண்டும் நீண்டது.

இப்போது 'அமெரிக்காவே முதல்' என்ற முழக்கத்தைக் கேட்டு, பழைய தனிமைக்கு அது திரும்புகிறது என எழுதுவோர் உளர். 2025 ஜனவரியில் வெளிநாட்டு உதவிகள் முடக்கப்பட்டன. ஏப்ரலில் இலங்கைப் பொருள்களுக்கு 44 சதவீத வரி அறிவிக்கப்பட்டது. பின்னர் அது 20 ஆகக் குறைந்தது. இலங்கை ஆடைகளை மிகுதியாக வாங்கும் நாடு அமெரிக்கா. போர் தின்ற வன்னியில், கிளிநொச்சியின் ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் இயந்திரத்தின்முன் அமர்ந்திருக்கும் பெண்ணிடம் போய், அந்த ஏப்ரல் மாதத்தில் அமெரிக்கா அவளை விட்டு ஒதுங்கியதா, நெருங்கியதா என்று இவர்கள் கேட்டுப்பார்க்கட்டும்.