அட்டையும் பென் டிரைவும்

தறிக்கூடத்தில் எல்லோரும் சேலையைப் பார்ப்பார்கள். என் கண் போவது தறியின் தலைமேல் தொங்கும் அட்டை மாலைக்கு. ஒரு ஊடை இழைக்கு ஓர் அட்டை. ஓட்டை இருக்கும் இடத்தில் கொக்கி எழும், கூடவே பாவு நூலும் எழும். ஓட்டை இல்லையென்றால் நூல் கிடந்த இடத்திலேயே கிடக்கும். நாடா குறுக்கே ஓடுகிறது. சேலையில் உருவாகும் மயிலின் கழுத்தில் ஓர் இழை கூடுகிறது.

பிரான்சில் லியோன் நகரத்து ஜக்கார்டு 1804-இல் காட்டிய வழி இது. 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை, கம்ப்யூட்டருக்கு முன்னோடியான ஹொலரித் என்பவரின் இயந்திரம் எண்ணியதும் ஓட்டை போட்ட அட்டைகளில்தான். காஞ்சிபுரத் தறிக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது என்று இன்று அதிசயப்படுகிறார்கள். பிறந்த வீட்டுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்!

இந்த மின்னணு ஜக்கார்டுக் கருவியில் அட்டை கிடையாது. திரையில் கட்டம் கட்டமாக வரைந்த டிசைன் பென் டிரைவில் வந்து இறங்குகிறது. எந்தக் கொக்கி எழ வேண்டும் என்பதை மின்காந்தம் பார்த்துக்கொள்கிறது. முன்பு ஓட்டை தப்பாக விழுந்தால் அட்டையை மாற்ற வேண்டும், அல்லது ஓட்டையை ஒட்டி அடைக்க வேண்டும். இப்போது ஒரு புள்ளியின் நிறத்தை மாற்றினால் போதும். பெரிய டிசைனுக்கு ஆயிரக்கணக்கில் அட்டை குத்திக் கோத்தவர்களுக்குத்தான் அந்த நிம்மதி தெரியும்.

மிதியும் நாடாவும் மாறவில்லை. பட்டிழை அறுந்தால் முடிச்சுப் போடுவது இன்றைக்கும் நெசவாளியின் விரல்தான்.

அடுத்த முறை காஞ்சிபுரம் போனால், சேலை விலை கேட்கும் முன் தறியை ஒருதடவை அண்ணாந்து பாருங்கள்.