ஆழத்தைச் சொல்லும் இசை

வீடியோ விளையாட்டில் இசை வெறும் அலங்காரந்தானா? 1986-இல் ஜப்பானில் வெளியான ‘டிராகன் குவெஸ்ட்’ வேறு விடை தருகிறது. ஆடுபவரே கதையின் வீரனாகி உலாவும் விளையாட்டு இது. இசை உட்பட அனைத்தும் 64 கிலோபைட் நினைவகத்தில் அடங்கவேண்டும்.

குகைக்குள் தீப்பந்தம் எட்டுமளவே ஒளி. தளங்கள் யாவும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் வீரன் கீழே இறங்க இறங்க, இசையமைப்பாளர் கோயிச்சி சுகியாமாவின் அதே மெட்டு சுருதி தாழ்ந்து, வேகம் தளர்ந்து ஒலிக்கிறது. புது மெட்டுக்கு இடம் தேடவேண்டியதில்லை. அதிர்வெண் குறையக் குறைய ஒலி கனக்கிறது. நம் மனமும் கனக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஆழத்தைச் செவி அறிந்துவிடுகிறது!

குறையும் உண்டு. சிறு சண்டைகளுக்கெல்லாம் ஒரே இசை, விரைவில் சலித்துவிடும். ஆயினும், குகையில் இசை அலங்காரமன்று, அதுவே அளவுகோல்.