திண்ணனாரின் தனிவேட்டை

12ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்திலே கண்ணப்ப நாயனார் வரலாற்றைக் கற்போர், கன்னிவேட்டையின் ஆரவாரத்தில் ஈடுபடுவர். பின்வரும் தனிவேட்டையை விரைந்து கடந்துவிடுவர். வகுப்பறையிலும் இதுவே வழக்கு. இது பொருந்துமா என ஆராய்தல் வேண்டும்.

கன்னிவேட்டை பலர் கூடியது. காட்டை வலையால் வளைத்து, பறையும் கொம்பும் முழங்க, நாய்களை ஏவி விலங்குகளை வெருட்டுகின்றனர். குற்றெழுத்துக்கள் நெருங்கி விரையும் சந்தத்தால் அவ்வோட்டத்தைப் புலவர் செவிக்கும் புலப்படுத்துகின்றார். யானைக்கன்றையும் சிறு குட்டிகளையும் கருவுற்ற பிணையையும் வேடர் வருத்தார் என்னும் அறமும் ஆங்கே கூறப்படுகின்றது.

தனிவேட்டையிலோ முழக்கமில்லை, தமர் எவரும் உடனில்லை. திருக்காளத்தியில் இறைவனை இரவெல்லாம் காத்து நின்ற திண்ணனார், அவர்க்கு அமுது தேடி வைகறையில் மலைச்சாரல் புகுகின்றார். பழகிய குரலாற் கலைமானை அழைத்து எய்கின்றார்; அடிச்சுவடு பற்றிச் சென்று மரைகளை அவை துயிலும் கிடையில் எய்கின்றார்; கடமைகளைத் தொடர்ந்து வீழ்த்துகின்றார். இத்துணையும் ஒரே பாட்டில் அமைந்துள்ளன. அதன் நடையும் அடங்கிய நடையே.

துயிலும் விலங்கை எய்தல் தகுமோ என வினவலாம். புலவர் அதனை மறைத்திலர். வேடர் தொழிலை உள்ளவாறே காட்டி, அதனையே அன்பின் கருவியாக்கினார்.

திண்ணனாரைக் கல்லா வேடர் என்று கூறி அமைதல் குறைநோக்காகும். ஓசையடக்கி ஒன்றையே நோக்கும் பயிற்சி, குலத்தொழில் அவர்க்கு அளித்த கல்வி. ஆறாம் நாள் இறைவன் கண்ணிற் குருதி கண்டபொழுது, தம் கண்ணை இடந்து அப்பச் செய்ததும் அந்நோக்கே. ஆதலின், அப்பாட்டினை நின்று கற்பித்தல் ஆசிரியர் கடன்.