தெ.பொ.மீ. எத்தனை பேர்?

எங்கள் நூலகத்துக்குப் பயிற்சிக்கு வந்த நூலகவியல் முதுகலை மாணவி ஒருவரிடம் தமிழறிஞர் தெ.பொ. மீனாட்சிசுந்தரனின் பழைய நூல் ஒன்றைக் கொடுத்து, கோஹா என்ற நூலக மென்பொருளில் பதிவு செய்யச் சொன்னேன். ஆசிரியர் பெயருக்குரிய 100ஆம் புலத்தில் அவர் 'சுந்தரன், தெ.பொ. மீனாட்சி' என்று தட்டினார். பட்டியலில் ஏற்கெனவே 'மீனாட்சிசுந்தரன், தெ.பொ.' என்று ஒருவரும் 'மீனாட்சி சுந்தரனார், தெ. பொ.' என்று இன்னொருவரும் இருந்தார்கள். இப்போது மூன்று பேர். எந்தப் பெயரைச் சொடுக்கினாலும் வாசகருக்கு அவருடைய நூல்களில் ஒரு பகுதிதான் கிடைக்கும்.

அந்த மாணவி கெட்டிக்காரர். கோஹாவைத் தானே நிறுவத் தெரியும். டிஸ்பேஸ் மென்பொருளில் மின்களஞ்சியம் அமைப்பார். ஆய்வாளர்களின் மேற்கோள் அளவான எச்-இண்டெக்ஸ் கணக்கிடுவார். தெ என்பது தென்பட்டினம் என்ற ஊர், பொ என்பது பொன்னுசாமி என்ற தந்தை, மீனாட்சிசுந்தரன் என்பது பிரிக்கக் கூடாத ஒரே இயற்பெயர் என்பதை மட்டும் யாரும் அவருக்கு ஒரு நூலை முன்னால் வைத்துக் காட்டியதில்லை. குடும்பப் பெயர் இல்லாத தமிழ்ப் பெயர்களை இயற்பெயரின் கீழ்தான் பதிய வேண்டும் என்று ஆங்கிலோ-அமெரிக்கப் பட்டியலாக்க விதிகளே தனியாகச் சொல்கின்றன. அந்த விதி அவர் பாடத்திட்டத்துக்குள்தான் இருந்தது. கைக்கு வரவில்லை.

நூலகவியல் படிப்பு சென்னையில் வேர்விட்ட கதையை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த சீர்காழி அரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். சென்னை நூலகச் சங்கம் 1929இல் தொடங்கிய பயிற்சியை 1931இல் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. 1937இல் அது பட்டம் பெற்றவர்களுக்கான ஓராண்டு டிப்ளமோ ஆயிற்று. இடையே, 1933இல், அவருடைய கோலன் பகுப்பு முறை வெளிவந்தது. ஒரு பொருளை அதன் முகங்களாகப் பிரித்து மறுபடி கோக்கும் முறை அது. எக்ஸ்ரே கொண்டு நுரையீரல் காசநோய்க்குச் சிகிச்சை தருவது பற்றிய நூல் என்றால் உறுப்பு எது, நோய் எது, செயல் எது, கருவி எது என்று மாணவர் ஒவ்வொன்றாகக் கேட்டாக வேண்டும். இன்று இணையக் கடைகளில் விலை, அளவு, நிறம் என்று பொருளைச் சலித்தெடுக்கிறோமே, அந்தச் சிந்தனை இதற்கு நெருங்கிய உறவு. அரங்கநாதன் கற்பித்தது அலமாரி அடுக்கும் வேலை அன்று. ஒரு பொருளை எப்படி விவரிப்பது என்ற தீர்ப்புத் திறன்.

பிறகு நூலகவியல் துறைகளின் பெயர்களில் 'தகவல்' சேர்ந்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். அரசு நூலகர் பணியிடங்கள் எப்போதாவதுதான் நிரப்பப்படும் நிலையில், மருந்து நிறுவனத்திலும் மென்பொருள் நிறுவனத்திலும் ஆவண மேலாண்மைக்குப் போக இந்தப் பெயர் உதவுகிறது. கணினி தெரியாத நூலகரை இன்று எந்தக் கல்லூரியும் எடுக்காது. வகுப்பு நேரம் அந்தப் பக்கம் சாய்ந்ததற்குத் தக்க காரணம் உண்டு.

ஆனால் எதைக் குறைத்து இந்த நேரம் கண்டுபிடிக்கப்பட்டது? செய்முறைப் பட்டியலாக்கத்தையும் பகுப்பையும்தான். ஆய்வுப் பட்டங்களோ பெரும்பாலும் கட்டுரைகளை எண்ணுவதில் நிற்கின்றன: இந்தத் துறையில் இத்தனை ஆண்டுகளில் இத்தனை கட்டுரைகள், இத்தனை மேற்கோள்கள். தரவு ஆயத்தமாகக் கிடைக்கிறது, ஆய்வேடு வேகமாக முடிகிறது. அதே வேளையில் இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் திரட்டி வைக்கும் ஷோத்கங்கா களஞ்சியத்தில் தமிழ் ஆய்வேடுகள் பல, யூனிகோடு அல்லாத எழுத்துருவிலோ வெறும் படமாகவோ கிடக்கின்றன. உள்ளே இருக்கும் ஒரு சொல்லைத் தேடினால் அகப்படாது. அவற்றைத் தேடத்தக்கதாக்குவது தகவல் மேலாண்மையின் தலையாய வேலை. அதைத் தமிழ்நாட்டுத் துறைகள் செய்யாவிட்டால் வேறு எவர் செய்வார்?

என் முடிவு இதுதான்: படிப்பு தேவை, இப்போதுள்ள எடைப்பங்கீடு தவறு. மென்பொருள் ஐந்து ஆண்டில் மாறும்; அதை வேலையிடத்தில் ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். விவரிக்கும் திறன் அப்படி வராது. பட்டம் பெறுமுன் ஒவ்வொரு மாணவரும் குறைந்தது நூறு தமிழ்த் தலைப்புப் பக்கங்களைத் தம் கையால் பதிந்து, புனைபெயர், ஊர்ப்பெயர், பட்டப்பெயர் எல்லாவற்றையும் ஒருவரின் பெயர் வடிவங்களை ஒன்றுசேர்க்கும் அத்தாரிட்டி கோப்பில் இணைத்துக் காட்ட வேண்டும். தேர்வில் இதற்கு நினைவாற்றல் வினாக்களைவிடக் கூடுதல் மதிப்பெண் தர வேண்டும். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்கு இது உதவாது என்பார்கள். உதவாதுதான்; நெட் தேர்வு வினாத்தாளைப் பார்த்துப் பாடத்திட்டம் எழுதுவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

அன்று மாலை நானும் அந்த மாணவியும் உட்கார்ந்து மூன்று பதிவுகளையும் ஒன்றாக்கினோம். முக்கால் மணி நேரம் ஆயிற்று. முடித்ததும் அவர் தாமாகவே ந.மு. வேங்கடசாமி நாட்டார் பெயரைத் தட்டிப் பார்த்தார். அங்கேயும் இரண்டு பேர் இருந்தார்கள்.