தண்ணீர் நேரம் பார்த்துப் போங்கள்

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாட்களில் பழவேற்காட்டுக் கரையில் கூடுகிற கூட்டத்துக்கு ஒரு தனி லட்சணம் உண்டு. சென்னையிலிருந்து வருகிறவர்கள் அன்றைக்கு மட்டும் கடிகாரம் பார்த்து வருகிறார்கள். எத்தனை மணிக்கு ஏவுகிறார்கள், எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், எவ்வளவு நேரம் முன்னால் போய் இடம் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் அத்துப்படி. இரண்டு நிமிடக் காட்சிக்காக ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வந்து, மனம் நிறைந்து திரும்புகிறார்கள். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் பதினோரு மணிக்குக் காரில் வந்து இறங்குகிறவர்கள் கதை வேறு. பாலத்தின் மேல் நாலு படம், டச்சுக் கல்லறையில் ஒரு எட்டு, இறால் வறுவலோடு ஒரு சாப்பாடு. இரண்டரை மணிக்கு 'பெருசா ஒண்ணும் இல்லப்பா' என்று கிளம்பிவிடுகிறார்கள். ஊர் ஒன்றுதான், ஏமாற்றம் மட்டும் ஏன் இவர்கள் பங்குக்கு வருகிறது? எங்கே எங்கே போவது என்று பட்டியல் போட்டுக்கொண்டு வந்ததுதான் காரணம் என்பது என் கணிப்பு. பழவேற்காட்டில் போக வேண்டிய இடங்கள் குறைவு, இருக்க வேண்டிய நேரங்கள் அதிகம். எந்த மாதம், எந்தத் திதி, எத்தனை மணி என்று கணக்குப் போட்டு வருகிறவருக்கே அந்த ஊர் கண்ணில் படும்.

தடுக்கல் பெயரிலேயே தொடங்குகிறது. ஏரி என்றதும் கரை கட்டி, மதகு வைத்து, மழைநீரைத் தேக்கிய செம்பரம்பாக்கம், மதுராந்தகம் மாதிரி ஒன்றுதான் நம் மனதில் வருகிறது. இது அந்த வகை இல்லை. கடலும் ஆறுகளும் மாறி மாறி ஆளுகிற உப்புத் தண்ணீர். இலங்கைத் தமிழர்கள் இதைக் களப்பு என்பார்கள். மட்டக்களப்பு என்ற ஊர்ப்பெயரிலேயே அந்தச் சொல் இருக்கிறது. நம்மிடமும் கழி, காயல் என்று நல்ல சொற்கள் இருக்க, இதற்கு என்னவோ ஏரி ஒட்டிக்கொண்டது. தெலுங்கில் பிரளய காவேரி என்கிறார்கள், அதில் ஒரு மிரட்டலாவது இருக்கிறது. ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உப்பங்கழி இதுதான். பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்க, தெற்கு முனை திருவள்ளூர் மாவட்டத்துக்குள் வருகிறது. அதன் பரப்பளவைத் தேடினால் ஒருவர் 250 சதுர கிலோமீட்டர் என்பார், இன்னொருவர் 450 என்பார். இருவர் சொல்வதும் சரிதான். வெயில் காலத்தில் ஒடுங்கி, மழைக்குப் பின் விரிகிற தண்ணீர் அது. பல இடங்களில் ஆழம் இடுப்பளவைத் தாண்டாது என்பதால், நீர்மட்டம் ஒரு முழம் இறங்கினாலும் மைல் கணக்கில் சேறு வெளியே தெரியும். இப்படி மாதத்துக்கு ஒரு உருவம் எடுக்கும் ஒன்றைப் பார்க்க, மாதத்தைப் பற்றி யோசிக்காமல் கிளம்பினால் எப்படி?

வடகிழக்குப் பருவமழையில் தெற்கே ஆரணியாறும் வடமேற்கே காளங்கியாறும் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. வெள்ளத்தின் வேகத்தில் முகத்துவாரம் அகலமாகத் திறந்துகொள்கிறது. மழை விட்டபின் கடலலை மணலைக் கொண்டுவந்து கொஞ்சம் கொஞ்சமாக அதை அடைக்கப் பார்க்கும். கோடையில் ஆற்றுநீர் நின்று, வாயும் சுருங்கி, வெயில் காய்ச்சக் காய்ச்ச ஏரித் தண்ணீர் கடலைவிட உப்பாகிவிடும். வாய் அடைந்தால் மீன் ஏறாது, இறால் வளராது, படகும் கடலுக்குப் போக முடியாது. முகத்துவாரத்தைத் திறந்து வை என்பது மீனவர்களின் பழைய கோரிக்கை. அதற்காகக் கல் சுவர் கட்டும் வேலையையும் அரசு எடுத்திருக்கிறது. வருகிறவர் மார்கழி, தை, மாசியில் வந்தால், ஏரி நிறைந்தும் அதே சமயம் மெல்ல வடிந்துகொண்டும் இருக்கும். பூநாரைகள் வந்து நிற்பதும் அந்த மாதங்களில்தான்.

பூநாரையைப் பார்க்கவும் ஒரு முறை இருக்கிறது. தூரத்தில் வெளுத்த கோடு ஒன்று தெரியும். 'இளஞ்சிவப்பாக இருக்கும் என்றார்களே' என்று அங்கேயே பலருக்குச் சப்பென்று ஆகிவிடும். தொலைநோக்கி வைத்து ஒரே ஒரு பறவையைப் பத்து நிமிடம் பாருங்கள். கால்களை மாற்றி மாற்றி மிதித்துச் சேற்றைக் கலக்குகிறது. கழுத்தை வளைத்துத் தலையைக் கவிழ்க்கிறது, நமக்கு மேல் அலகாக இருப்பது அதற்குத் தரைப்பக்கம் போய்விடுகிறது. நாக்கு பம்பு மாதிரி தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே தள்ள, அலகின் ஓரத்துச் சல்லடையில் பாசியும் பொடி உயிர்களும் தங்குகின்றன. இறகின் சிவப்பும் அந்த இரையிலிருந்து வருவதுதான். எழுந்து பறக்கும்போதுதான் இறக்கையின் உள்பக்கத்துச் செம்மையும் கருப்பும் தெரியும். அதைப் பார்க்க வேண்டும் என்று கைதட்டி விரட்டுகிறவர்கள் உண்டு. பறவை தண்ணீரின் மேல் ஓடி ஓடித்தான் மேலே கிளம்ப வேண்டும். மேய்ந்து சேர்த்த சக்தியை நம் படத்துக்காகச் செலவழிக்கிறது. பொறுமையாக நின்றால் அதுவாகவே எழும். தமிழகப் பக்கம் அண்ணாமலைச்சேரி, ஆந்திரப் பக்கம் சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை, இரண்டும் இதற்குத் தோதான கரைகள். நன்றாக விடிந்தபின், வெயில் ஏறுவதற்கு முன் போய்விட வேண்டும். சூடு ஏறினால் சேற்றின் மேல் காற்று நடுங்கும், தொலைநோக்கியில் பறவையும் சேர்ந்து நடுங்கும்.

மாதத்துக்கு அடுத்தது திதி. இதற்கு வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டர் போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் வலுவாக இருக்கும். ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். மறுநாள் அதே ஏற்றம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளி வரும். இந்தக் கணக்கின் மேல்தான் இங்குள்ள இறால் பிடிப்பே நிற்கிறது. ஏரிக்குள் வளர்ந்த இறால், தண்ணீர் வற்றும்போது ஓட்டத்தோடு சேர்ந்து கடலுக்குப் போகும். முகத்துவாரத்துக்கு அருகே அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே கழி ஊன்றி வலையைக் கட்டிவிட்டுக் காத்திருப்பார்கள். இருட்டில் வேலை, பெரும்பாலும் சத்தமில்லாத வேலை. ஓட்டம் நல்லபடி விழுகிற இடங்கள் கொஞ்சம்தான், எல்லாரும் அங்கேதான் வலை கட்ட ஆசைப்படுவார்கள். அதனால் வந்ததுதான் பாடு என்ற முறை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள் பாட்டு இடங்களைச் சீட்டுப் போட்டுப் பிரித்து, முறை வைத்து மாறிக்கொள்கிறார்கள். நேற்று நல்ல இடம் வாய்த்தவர் இன்று அடுத்தவருக்கு விட்டுக் கொடுத்தாக வேண்டும். கடல் தாண்டி நீர்கொழும்புக் களப்பிலும் கட்டுவலைக்கு இதே போலச் சீட்டு முறை உண்டு. வெறும் பார்வைக்கு ஏரியில் வரிசையாக நிற்கும் குச்சிகள், அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு குச்சிக்குப் பின்னாலும் இன்று யார் முறை என்ற கேள்விக்கு ஊர் சொன்ன பதில் இருக்கிறது. இது தெரிந்தபின் பாலத்தின் மேல் நின்று பார்க்கிற அதே காட்சி வேறு மாதிரி ஆகிவிடும்.

பாடு முறையை ரொம்பவும் புகழ்ந்துவிடக் கூடாது. அது பட்டினவர் சமூகத்தின் தலைக்கட்டுக் கணக்கில் நடப்பது. தலைக்கட்டில் பெயர் இல்லாதவருக்கு முறையும் இல்லை. பெண்களுக்கு இல்லை, இருளர்களுக்கும் இல்லை. இருளர்கள் வலையில்லாமல் கையால் பிடிக்கிறார்கள். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து அல்லது உட்கார்ந்தபடி நகர்ந்து, சேற்றை இரண்டு கையாலும் தடவுவார்கள். விரலில் இறால் தட்டியதும் பிடித்து ஓலைப் பறியில் போடுவார்கள். இரண்டு கையும் வேலையில் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வது வழக்கம். மணிக்கணக்கில் உப்புத் தண்ணீரில் இருக்கும் உடம்பும், சிப்பி கீறிய விரலும் அந்த வேலையின் கூலி. ஒரே ஏரியில் ஒரே இறாலுக்கு இரண்டு வித நியாயங்கள் இருப்பதைக் காணாமல் வந்துவிட்டால் பாதிதான் பார்த்திருப்பீர்கள்.

இங்கே ஒரு கேள்வி எழும். பிறர் பாடுபடுவதைக் கரையில் நின்று ரசிப்பது அழகா? கேள்வி நியாயமானது, இதற்கு எனக்கு முழுப் பதில் இல்லை. ஆனால் ரசனையில் இரண்டு வகை உண்டு. சூரிய உதயத்துக்கு முன்னால் கருப்பு உருவமாக ஒருவர் வலை வீசுவதைப் படம் எடுத்து, அவரை அழகுப் பொருளாக்கிக் கொண்டுபோவது ஒன்று. அவர் ஏன் அந்த இடத்தில், அந்த நேரத்தில் வீசுகிறார் என்று புரிந்துகொள்வது இன்னொன்று. கர்நாடக சங்கீதத்தில் தாளம் தெரிந்தவர் கேட்பதற்கும் தெரியாதவர் கேட்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. தண்ணீரில் இருப்பவரைக் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம், இருளர் பெண்களை எடுக்கவே வேண்டாம். காலை ஏலத்தில் வழியை மறிக்காமல் ஓரமாக நில்லுங்கள். மீன்காரம்மாவிடம் விலை கேட்டால் வாங்குகிற எண்ணத்தோடு கேளுங்கள்.

அடுத்த ஆட்சேபம் நடைமுறையானது. வேலைக்குப் போகிறவருக்குக் கிடைப்பது ஒரு ஞாயிறு. திதியும் வற்றமும் அவர் வசதிக்கு வருமா? வராது. அதனால்தான் எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்கிற எண்ணத்தை விடச் சொல்கிறேன். சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி பக்கம் போகும் புறநகர் ரயிலில் பொன்னேரியில் இறங்கினால் பழவேற்காட்டுக்குப் பேருந்து உண்டு. செலவு குறைவு, இன்னொரு முறை வருவது பெரிய காரியமில்லை. ஒரு தடவை பறவை, ஒரு தடவை ஏலமும் வற்றமும், ஒரு தடவை ஊருக்குள் நடை. மூன்றில் எது வாய்க்கிறதோ அதற்கு அந்த நாளைக் கொடுங்கள். படகு சவாரியை மட்டும் பட்டியலில் சேர்க்க வேண்டாம். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், அதன்பின் சுற்றுலாப் படகுகளுக்குத் தடை வந்தது. ஆழமில்லாத ஏரிதானே என்று நினைக்கலாம். முகத்துவாரத்தில் வற்றம் இழுக்கும்போது அந்தக் கணக்கு செல்லாது.

ஊருக்குள் நடக்கிறவருக்கு வேறொரு காலக் கணக்கு. டச்சுக் கம்பெனி 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டி, 1690 வரை சோழமண்டலக் கரைக்கே தலைமையிடமாக வைத்திருந்தது. 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. கோட்டையைத் தேடிப் போகிறவருக்குக் கிடைப்பது முள்ளும் மேடும்தான். கல்லறை தப்பித்திருக்கிறது, வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள், உள்ளே நுணுக்கமாகச் செதுக்கிய கற்கள், காவலுக்குத் தொல்லியல் துறை. அந்தக் கற்களின் எழுத்து வேலையைக் கட்டாயம் பாருங்கள். கல்லறை கிடைக்காதவர்களையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்: 17ஆம் நூற்றாண்டில் இதே துறையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாக டச்சுக்காரர்களின் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். துணியும் போயிற்று. மலாய் நாடுகளில் கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் பெலிகாட் என்று பெயர். அது இந்த ஊர்ப் பெயரேதான். அதே கம்பெனி ஜப்பானில் ஹிராடோவில் கடை திறந்தது 1609இல். இந்தக் கரையின் கோடு போட்ட துணிக்கு ஜப்பானியர் வைத்த பெயர் சந்தோமே, நம் மயிலாப்பூர் சாந்தோமிலிருந்து போன சொல். சின்னப் பள்ளிவாசலில் ஒரு நிழல் கடிகாரம் இருக்கிறது. தொழுகை நேரம் பார்ப்பதற்கு. இந்த ஊரில் எனக்குப் பிடித்த பொருள் அதுதான் என்றால் காரணம் சொல்லத் தேவையில்லை.

ஜப்பானைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்று. ஹிரோஷிமா மாகாணத்தில் தோமோனோஉரா என்ற சிறு துறைமுகம், பாய்க்கப்பல்கள் ஓதம் திரும்பும்வரை காத்திருந்ததாலேயே பெயர் பெற்றது. அங்கே கடலைத் தூர்த்துப் பாலம் கட்டும் திட்டத்தை 2009இல் நீதிமன்றம் தடுத்தது. அந்தக் காட்சி காக்கப்பட வேண்டிய ஒன்று என்று சட்டமே ஒப்புக்கொண்டது. இனே என்ற இன்னொரு மீனவ ஊரில் கதை மறுபக்கம்: தரைத்தளத்தில் படகும் மேல்தளத்தில் ஆளும் வாழும் வீடுகளைப் பார்க்கக் கூட்டம் குவிந்து, இருப்பவர் வீட்டு வாசலே வேடிக்கைப் பொருளாகிவிட்டது. பழவேற்காட்டுக்கும் எல்லாரும் கிளம்பினால் இதே கதி வராதா என்று கேட்டால், ஞாயிறு பதினோரு மணிக்கு எல்லாரும் வந்தால் வரும். திதி பார்த்து, ஆளுக்கொரு மாதமாகப் பிரிந்து வந்தால் அவ்வளவு சீக்கிரம் வராது.

தெற்கே திரும்பினால் வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளும் காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் கிரேன்களும் கண்ணில் படும். படத்தைக் கெடுக்கிறது என்று பலர் கேமராவை வடக்கே திருப்பிக்கொள்கிறார்கள். திருப்ப வேண்டாம் என்பேன். துறைமுக விரிவாக்கத் திட்டத்தை இந்தக் குப்பத்து மக்கள் எதிர்ப்பது கரை அரித்து, முகத்துவாரம் மாறிவிடும் என்ற பயத்தால்தான். வற்றத்தைப் பற்றி இவ்வளவு படித்தவருக்கு அந்தப் பயத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சாப்பாட்டுக்கு உட்காரும்போது இறால் வறுவல் இருக்கிறதா என்று ஆரம்பிக்காதீர்கள். 'இன்னைக்கு ஏரியில என்ன வந்துச்சு?' என்று கேளுங்கள். மடவை என்றால் மடவை, கொடுவா என்றால் கொடுவா, ஒன்றும் வரவில்லை என்றால் கருவாட்டுக் குழம்பு.